நாய்க்குக் குச்சி எறிந்த ஊர்

சிப்பிக்கரையில் மரம் கிடையாது. ஒரு பக்கம் கடல், மற்ற மூன்று பக்கமும் உப்பளம், நடுவில் மாதா கோயில், இரண்டே தெரு, ஒரு ரேஷன் கடை, எண்ணி மாளாத நாய்கள் என்று கிடந்த அந்த ஊரில், நிழல் வேண்டியவன் சுவரோரம் ஒண்டிக்கொள்வான், உச்சி வெயிலில் சுவரும் கையை விரித்துவிடும். மரமில்லாத ஊரில் நாய்கள் எதன்மேல் காலைத் தூக்கும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. கரையில் ஏற்றிவைத்த வள்ளங்கள் பின்னே எதற்கு இருக்கின்றன? விடிந்ததும் வள்ளத்தைக் கழுவிக்கொண்டே நாய்க் குலத்தை அடியோடு திட்டித் தீர்ப்பது அந்த ஊர்ப் பெண்களின் வழக்கம். அதில் சூசையின் மனைவி மரியபுஷ்பத்தை மிஞ்ச ஆள் இல்லை, அவள் திட்ட ஆரம்பித்தால் நாய்களே நின்று கேட்கும் என்று சொல்வார்கள்.

அவளுக்கு அடுத்த வீட்டுக்காரர் லாசர். கப்பலில் சமையல்காரராக உலகத்தைச் சுற்றிச் சுற்றி ஓய்ந்துபோய் ஊருக்குத் திரும்பியவர், பெட்டி நிறையப் பூப்போட்ட சட்டைகளும் மனம் நிறைய ஒரே ஓர் ஆசையும் கொண்டுவந்தார். ஏதோ ஒரு குளிர்தேசத்துப் பூங்காவில், ஒருவர் குச்சியை எறிய, நாய் ஓடிப்போய்க் கவ்விவர, மறுபடி எறிய, மறுபடி கவ்விவர, இப்படியே இருவரும் பொழுது சாயும்வரை சந்தோஷமாக இருந்ததை அவர் பார்த்திருந்தார், வயதான காலத்தில் நாமும் இப்படி இருக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்திருந்தார். ஆனால் சிப்பிக்கரையில் மனிதன் கையில் குச்சி ஏறினால் அதற்கு ஒரே அர்த்தம்தான், அது நாய்களுக்குத் தாய்ப்பாலோடு தெரியும். லாசர் கையை ஓங்கியதும் தெரு நாய்கள் அத்தனையும் வாலைச் சுருட்டிக்கொண்டு உப்பளத்துக்குள் ஓடி மறைந்தன. காதில் பாதி கடிபட்டுப்போன செவலைப் பெட்டை ஒன்று மட்டும், தைரியமோ சோம்பலோ தெரியவில்லை, இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்குக் கேப்டன் என்று பேர் வைத்தார்.

"பொட்டை நாய்க்குக் கேப்டன்னா பேரு வைப்பாவ, அண்ணாச்சி?" என்று புஷ்பம் கேட்டாள்.

"கடல்ல அதெல்லாம் பாக்க மாட்டாவ புள்ள," என்றார் லாசர்.

ஒருநாள் காலையில், வெளியூர்ச் சந்தையில் வாங்கிவந்து பல் தேய்த்து முடித்த வேப்பங்குச்சியை அவர் தெருவில் வீசி எறிந்து, "கேப்டன், எடுத்துட்டு வா" என்றார். கேப்டன் எழுந்து, சோம்பல் முறித்து, நடந்துபோய்க் குச்சியைக் கவ்வியது. கவ்வித் திரும்பியபோது அதன் வாயில் ஒரு வேப்பமரம் இருந்தது. வேரும் வேர்மண்ணும் கிளையும் கூடும் கூட்டுக்குள் முட்டையுமாக ஒரு முழு மரத்தை, எலும்புத்துண்டைத் தூக்கிவருவதுபோலத் தூக்கிவந்து, லாசரின் காலடியில் நிமிர்த்தி வைத்துவிட்டு, வாலை ஆட்டியது. வைத்த இடத்தில் மரம் வேரூன்றிக்கொண்டது. மேல்கிளை ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி, கையில் தொரட்டியோடு, ஆட்டுக்குக் குழை பறிக்க ஏறியிருந்த ஆள் ஒருத்தர் இருந்தார். அவர் மெள்ள இறங்கி, முகம் கழுவி, புஷ்பம் கொடுத்த டீயைக் குடித்து, ஏரலுக்குப் போக இங்கே எந்த பஸ் வரும் என்று விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். மறுநாள் போன் பண்ணி இரண்டு விஷயம் சொன்னார். டீயில் சர்க்கரை கம்மி. இரண்டாவது, பக்கத்துக் கிளையில் எதையும் பிடிக்காமல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்த அவருடைய மச்சான், மரம் போன பிறகு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்து, அப்புறம் விழுந்து, இடுப்பில் கட்டுப் போட்டுக் கிடக்கிறார். மரத்தைப் பிடித்திருப்பவர்தான் மரத்தோடு வருவார் என்பது ஊருக்கு அன்றே தெரிந்துவிட்டது.

மரம் எப்படி வந்தது என்று ஊரில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. சருகை யார் கூட்டுவது என்பதுதான் பேச்சாக இருந்தது. லாசர் வீட்டு வாசல் என்றாலும் நிழல் மத்தியானத்துக்கு மேல் புஷ்பம் வீட்டில் விழுந்ததால், காலைச் சருகு லாசருக்கு, மாலைச் சருகு புஷ்பத்துக்கு என்று தீர்த்துவைத்தார்கள். அதற்குப் பிறகு வெளியூர் போன சிப்பிக்கரைக்காரர்கள் எல்லாம் திரும்பும்போது ஒரு சுள்ளியை ஒடித்து மடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். முருங்கை வந்தது, புளி வந்தது, நாவல் வந்தது, ரேஷன் கடை வரிசை புளியமரத்தடிக்கு இடம் மாறியது. மஞ்சள் துணியும் தொட்டிலும் கட்டிய ஓர் அரசமரம் தெரியாத்தனமாக வந்து சேர்ந்து, பின்னாலேயே அந்த ஊர் ஜனம் மேளத்தோடு வேனில் வந்து இறங்கியது. அடிதடி ஆகும் என்று எல்லாரும் பயந்தார்கள். மாதா கோயில் பங்குச்சாமியும் அந்த ஊர்ப் பூசாரியும் மரத்தடியில் உட்கார்ந்து, காற்று நன்றாக வருகிறது என்று இருவரும் ஒத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை தோறும் அவர்கள் வந்து பொங்கல் வைப்பது, சிப்பிக்கரை அதைத் தின்பது என்று பேசி முடித்தார்கள்.

வினை பள்ளிக்கூடத்தில் வந்தது. தலைமையாசிரியர் இஞ்ஞாசி, மைதானத்துக்கு ஒரு மரம் வேண்டுமே, இதற்காகச் சுள்ளி ஒடிக்க எங்கே போவது என்று, உடைந்துபோன பெஞ்சின் கால் ஒன்றைக் கேப்டனுக்கு எறிந்துவிட்டு, ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கத் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கேப்டன் கவ்வியது, நல்ல பூவரச மரம் ஒன்று வந்தது. அதே நொடியில் நான்காம் வகுப்புப் பெஞ்சுகள் மறைந்தன, ஐந்தாம் வகுப்புப் பெஞ்சுகள் மறைந்தன, தலைமையாசிரியரின் நாற்காலி மறைந்து அவர் தரையில் உட்கார்ந்தார், மேலத்தெருவில் குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் குளியலறைக் கதவு மறைந்து பெரிய கூப்பாடாகிவிட்டது. எல்லாம் அந்த ஒரு பூவரசில் அறுத்தவை. மரம் வந்தால் முழுசாகத்தான் வரும், தன்னிடமிருந்து போனதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டுதான் வரும் என்பதை ஊர் புரிந்துகொண்டது. ஊர்க் கமிட்டி கூடி, கையால் ஒடித்த பச்சைச் சுள்ளியைத் தவிர, ரம்பம் பட்ட எந்த மரத்தையும் நாய் கண்ணில் காட்டக்கூடாது என்று கட்டுப்பாடு விதித்தது. பெண்கள் சப்பாத்திக்கட்டையையும் துடுப்பையும் பரணில் போட்டார்கள். பங்குச்சாமி பாவசங்கீர்த்தனம் கேட்க உட்காரும் மரக் கூண்டைச் சங்கிலி போட்டுத் தூணில் கட்டினார், அது எந்த விதத்தில் உதவும் என்று அவருக்கும் தெரியாது.

வள்ளம் வைத்திருந்த வீடுகளில்தான் பயம் அதிகம். சிப்பிக்கரையில் ஒரு வள்ளம் கட்டி முடிந்ததும், அதே மரத்தில் மிஞ்சிய ஒரு முழக் கட்டையைத் தச்சர் மஞ்சள் தடவி வீட்டுப் பெண்ணின் கையில் கொடுப்பார். அவள் அதை மாதா படத்துக்குக் கீழே வைத்து, வள்ளம் கடலில் இருக்கும் நாளெல்லாம் எண்ணெய் தொட்டுத் துடைப்பாள், கட்டை காயாமல் இருந்தால் வள்ளமும் நனைந்து நாசமாகாது என்பது அவர்கள் கணக்கு. புஷ்பம் வீட்டிலும் அப்படி ஒரு வாகைக் கட்டை இருந்தது. சூசையும் அவன் கூட்டாளி கஸ்பாரும் போகும் வள்ளம் அடியிலிருந்து விளிம்பு வரை ஒரே வாகை. கமிட்டி கட்டுப்பாடு வந்த அன்று அவள் கட்டையைத் துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்து மூடி, டிரம்மின் மேல் அம்மிக் குழவியையும் வைத்தாள்.

அந்த வருஷம் ஒரு நாள் கடலுக்குப் போன சூசையும் கஸ்பாரும் திரும்பவில்லை. மறுநாள் வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. தேடிப்போன வள்ளங்கள் வெறுங்கையோடு வந்தன. என்ஜின் பழுதாகி எங்கேயோ நீரோட்டத்தில் போய்க்கொண்டிருப்பார்கள், குடிக்கத் தண்ணீர் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று ஆண்கள் கரையில் நின்று தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.  புஷ்பத்துக்குச் சோற்றை வாயில் வைத்தால் இறங்கவில்லை, சூசை இல்லாத வீட்டில் அவனுடைய பழஞ்சட்டை கொடியில் ஆடுவதைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை. அரிசி எடுக்க டிரம்மைத் திறந்தவள், கட்டையைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் கீழே வைக்கவில்லை.

நேரே லாசரிடம் போனாள். "அண்ணாச்சி, இத எறிஞ்சா என்ன?"

லாசர் கேப்டனை இழுத்துத் தன் காலுக்குப் பின்னால் மறைத்தார். "ஏ புள்ள, வேண்டாம். வள்ளம் மரமா வந்துரும். அவனுவ வள்ளத்தப் பிடிச்சிருந்தா வருவானுவ. சும்மா உக்காந்திருந்தானுவன்னா?"

"தெரியும். அதான் காத்துக்குக் காத்திருக்கேன்," என்றாள் புஷ்பம். "கடல் அசையாம கெடந்தா கைய மடில போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாவ. காத்தும் அலையும் எந்திரிச்சா எவனும் கட்டைய விடமாட்டான். எங்க வீட்டு ஆளு உடும்பு மாதிரி பிடிப்பாவ, எனக்குத் தெரியாதா?"

அவள் கோயிலுக்குப் போனபோது ஊரே முழங்காலில் நின்று, தாயே, காற்றை அடக்கு, கடலைத் தூங்கவை என்று வேண்டிக்கொண்டிருந்தது. புஷ்பம் முதல் வரிசையில் போய் நின்று, தாயே, காற்றைக் கிளப்பு என்று உரக்கக் கேட்டாள். ஜெபம் அப்படியே நின்றுபோயிற்று.

"யம்மா, புத்தி பேதலிச்சிட்டா உனக்கு?" என்றார் பங்குச்சாமி.

அவள் கட்டையைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள்.  பின்வரிசையிலிருந்து கஸ்பாரின் மனைவி லூர்து எழுந்தாள். புஷ்பத்தைவிட மூத்தவள், அதிகம் பேசாதவள்.

"ஏட்டி, உம் புருசன் உடும்பு. எம் புருசன்?" என்றாள். "லேசா அலை வந்தாலே போதும், ரெண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிக்கிட்டு மாதாவே மாதாவேம்பான். கல்யாணத்தன்னிக்கு ஜெனரேட்டர் வெடிச்சப்பகூட என் கையத்தான் விட்டான், மாதாவ விடல. நீ காத்தக் கேட்டின்னா உன் ஆளு வருவான், என் ஆளு நடுக்கடல்ல கும்பிட்டுக்கிட்டே போயிருவான்."

 கஸ்பார் பலிபீடத்துக்கு முன் நிற்கும் அழகை ஊரே அறியும், தூக்கிய கையை இறக்க மறந்து அப்படியே வீடு போய்ச் சேர்ந்தவன் அவன். இரண்டு பெண்களும் மாதா சொரூபத்தின் முன்னாலேயே உட்கார்ந்து, புருஷன்மார் எப்போது எதைப் பிடிப்பார்கள் என்று ஒவ்வொன்றாகப் பேசிப் பார்த்தார்கள். தூங்கும்போது சூசை தன் தலையைப் பிடிப்பான், கஸ்பார் தலையணையைப் பிடிப்பான். சாப்பிடும்போது சூசை இரண்டு கையாலும் சாப்பிடுவான். இருவரும் ஒரே நேரத்தில் மரத்தைப் பிடிப்பது எப்போது என்று ஊரே சேர்ந்து யோசித்தது. கடைசியில் லூர்துதான் மெதுவாகச் சொன்னாள்.

"ஒரே ஒரு வழி இருக்கு. சின்னக் காத்துக்கு அந்த மனுசன் கும்பிடுவான். பெரிய காத்துக்கும் கும்பிடுவான். அதுக்கும் மேல, மாதாவ நம்பிப் பிரயோசனமில்லன்னு அவனுக்கே தோணுத மாதிரி ஒரு காத்து அடிச்சா, அப்ப விட்டுட்டுக் கட்டையப் பிடிப்பான்."

"அந்தக் காத்த யாரு தருவா?" என்று கேட்டார் இஞ்ஞாசி வாத்தியார்.

"மாதாதான் தரணும்," என்றாள் லூர்து.

பங்குச்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். தன்னைக் கைவிடும்படியான காற்றைத் தரச்சொல்லி மாதாவிடமே மனுப் போடுவது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் ஊர் ஜனத்துக்கு வேறு கவலை. பாதிப்பேர் அடங்கச் சொல்லியும் பாதிப்பேர் அடிக்கச் சொல்லியும் கேட்டால், மாதா நடுநிலையாக ஒரு பாதிக் காற்றைத் தந்துவிடுவாள், அந்தப் பாதிக் காற்றில்தான் கஸ்பாரின் கை மேலே போகும். கேட்டால் எல்லாரும் ஒரே வாயாகக் கேட்க வேண்டும் என்று முடிவாயிற்று. மற்ற வள்ளங்களையெல்லாம் மேட்டுக்கு ஏற்றினார்கள், ஓடுகளின் மேல் வலையைப் போட்டு இறுக்கிக் கட்டினார்கள், ஆட்டையும் கோழியையும் வீட்டுக்குள் கொண்டுபோனார்கள், சின்னப் பிள்ளைகளைக் கோயிலில் படுக்கவைத்தார்கள். அப்புறம் கடலைப் பார்த்து முழங்காலில் நின்று, தாயே, எங்களையும் உன்னையும் மறக்கடிக்கிற மாதிரி ஒரு காற்றைக் கொடு என்று, பங்குச்சாமி முன்னால் சொல்லச்சொல்ல, ஊர் பின்னால் சொல்லிற்று.

காற்று வந்தது. முதலில் மணலைத் தூக்கிற்று, பிறகு அதை நின்றவர்கள் கண்ணில் போட்டது, பிறகு ரேஷன் கடைப் பலகையைப் பிடுங்கி உப்பளத்துக்கு அனுப்பிற்று, முருங்கை முறிந்தது, புளியமரம் தலையை விரித்து ஆடிற்று. கரையில் நிற்க முடியாமல் ஆண்களெல்லாம் அரசமரத்தைக் கட்டிக்கொண்டார்கள். தண்ணீரின் விளிம்பில் கட்டையோடு புஷ்பமும், அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு லூர்தும், கேப்டனைக் கழுத்தோடு அணைத்தபடி லாசரும் நின்றார்கள்.

"எறியட்டா அக்கா?" என்று கத்தினாள் புஷ்பம்.

லூர்து அலையைப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கி, அடுப்பில் பால் பொங்குவதைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "இல்ல. இன்னும் கும்பிடுதான்."

அடுத்த அலை அவர்கள் இடுப்பு வரை வந்து திரும்பியது.

"இப்ப?"

"கும்பிடுதான். கண்ணையும் மூடிக்கிட்டான்."

கோயில் மணி தானாக அடித்தது. வலையோடு சேர்ந்து யார் வீட்டுக் கூரையோ பறந்துபோயிற்று. லூர்து தன் புருஷனின் பக்தி தீரக் காத்திருக்க, சூசையின் கை எத்தனை நேரம் தாங்கும் என்று புஷ்பத்துக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. பனை உயரத்துக்கு ஓர் அலை எழுந்தது. லூர்துவின் முகம் மாறிற்று, அவமானப்பட்டவள் முகமாக.

"விட்டுட்டான்," என்றாள். "மாதாவ விட்டுட்டான். எறிட்டி!"

புஷ்பம் எறிந்தாள். கட்டையைக் காற்று வாங்கி, கரையோடு உருட்டிக்கொண்டு போயிற்று, கேப்டன் பின்னால் பாய்ந்தது, கட்டை துள்ளி மேலே போயிற்று, கேப்டன் குரைத்தது. "கவ்வு, மூதேவி, கவ்வு!" என்று புஷ்பம் ஓடினாள், "சீக்கிரம், மறுபடி கும்பிட்டுருவான்!" என்று லூர்து ஓடினாள், பூப்போட்ட சட்டை பட்டமாக விரிய லாசர் ஓடினார். கேப்டன் எம்பி, அந்தரத்தில் அதைக் கவ்வியது.

காற்றுக்குள்ளிருந்து நாய் ஒரு வாகை மரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, மூச்சிரைக்க, புஷ்பத்தின் காலடியில் நட்டது. கிளையெல்லாம் உப்புத் தண்ணீர் சொட்டியது. நடுக்கிளையை ஒரு கையாலும் இரண்டு காலாலும் பல்லாலும் பிடித்துக்கொண்டு கஸ்பார் இருந்தான். அவனுடைய இன்னொரு கையில் ஓர் அரைஞாண் கயிறு இருந்தது. அந்தக் கயிற்றின் முனையில், தலைகீழாக, இரண்டு கையையும் கூப்பிய நிலையில் சூசை தொங்கிக்கொண்டிருந்தான்.

லூர்து மரத்தடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். கஸ்பார் பல்லைக் கிளையிலிருந்து எடுத்தான். "நான் கும்பிட்டுக்கிட்டுத்தான் இருந்தேன் லூர்து. கண்ணத் தொறந்தா இவன் கைய விட்டுட்டுக் கும்பிடுதான். ரெண்டு பேரும் கும்பிட்டா யாரு பிடிக்கது?" என்றான், குற்றம் செய்தவன்போல.

சூசையைக் கீழே இறக்கினார்கள். காற்று தன்பாட்டுக்கு அடங்கிக்கொண்டு வந்தது. புஷ்பம் அவனைத் தொட்டுப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், விரல்கள் எல்லாம் வீங்கித் தோலுரிந்து கிடந்தன. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் தாங்கவில்லை.

"உங்கள நம்பித்தான எறிஞ்சேன்! உடும்புன்னு ஊரெல்லாம் சொன்னேன்! கோயில் பக்கமே போகாத ஆளு, இன்னைக்குப் பாத்து ஏன் கைய விட்டிய?"

சூசை தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். மூச்சை இழுத்தான்.

"என்ஜின் நின்ன நாள்ல இருந்து விடாமப் பிடிச்சிருந்தேன்ட்டி. ராத்தூக்கத்துலயும் பிடிச்சிருந்தேன். விரலு மரத்துப்போச்சு, இனிமே முடியாதுன்னு ஆயிப்போச்சு. அந்தப் பெரிய அலை வரப்பதான், வாழ்க்கையில ஒரே ஒரு தடவை கேட்டுப் பாப்பம்னு, கையெடுத்துக் கும்பிட்டேன்."

"என்ன கேட்டிய?"

"அந்தக் கட்டைய நீ எறிஞ்சிரக் கூடாதுன்னு கேட்டேன்."

லூர்து அழுகையை நிறுத்தினாள். லாசர் நாயைப் பார்த்தார், பங்குச்சாமி வானத்தைப் பார்த்தார். புஷ்பம் சிரிக்கப் போனாள், அது அழுகையாக வந்தது, அப்படியே அவன் ஈரத் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்லவேள," என்றாள், "ஒங்க பேச்ச மாதா கேக்கல."

பிறகு முந்தானையால் அவனுடைய தலையைத் துவட்ட ஆரம்பித்தாள்.